பத்தியப் பூண்டு

“குனியாத, அனுசியா. நீ ஒக்காந்து பல்லு மட்டும் பிரிச்சுக் குடு, ஊண்டுறத நான் பாத்துக்கிறேன்.”

மாயக்காள் மருமகளுக்கு முருங்கை நிழலில் ஒரு சாக்கை மடித்துப் போட்டாள். மகள் ஈஸ்வரியைத் திருச்சுழியில் கட்டிக்கொடுத்த பிறகு, பரளச்சி வீட்டில் அவளுக்கு மகளும் மருமகளும் இவள்தான். ஐப்பசி மழை விழுந்ததும் விழாததுமாகக் கொல்லையில் பாத்தி கட்டி, ஆட்டுப்புழுக்கை கலந்து மண்ணைப் பொலபொலவென்று வைத்திருந்தாள்.

“கடையில கெடைக்காத பூண்டா அத்தை? எதுக்கு இம்புட்டுப் பாடு?”

“கடைப் பூண்டுல என்னத்த அடிச்சிருக்கானோ! புள்ள பெத்தவளுக்குப் பால் ஊறணும்ல? மாசியில புடுங்கிக் காயப்போட்டா பத்தியத்துக்குச் சரியா இருக்கும்.”

அனுசியா அடுத்த பூண்டை எடுத்துப் பிரித்தாள். வயிற்றில் இருந்தால்தானே பெறுவதற்கு! போன மாதம் அருப்புக்கோட்டைக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், துடிப்பு இல்லை என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். பாளையம்பட்டியில் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவள் போல ஊர் திரும்பினாள். “அத்தைகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க வாயத் தொறக்கக் கூடாது” என்று கணவன் பாண்டீஸ்வரனிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

சொல்லத்தான் நா எழவில்லை. கல்யாணமாகி நாலு வருடம் கழித்து உண்டான கரு. தெருவுக்கே சீனி கொடுத்துச் சந்தோஷப்பட்ட மாமியாரிடம் எந்த முகத்தோடு சொல்வது? இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில், காரியம் பூண்டு நடுகிற வரைக்கும் வந்துவிட்டது.

மாயக்காள் கூர்முனை மேலே பார்க்க ஒவ்வொரு பல்லாக ஊன்றி, குடத்துத் தண்ணீரை அள்ளித் தெளித்தாள்.

“குடிக்கிற தண்ணிய ஏன் ஊத்துறீக?”

“போர்த் தண்ணி உப்பு ஆத்தா, கருகிரும். தாய் வீட்டுல பாக்குற பத்தியம். ஒரு கொற வந்துச்சுன்னா ஊரு என்னையத்தான காறித் துப்பும்?” மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

அனுசியா சிறுபிள்ளையிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவள். பெற்றவள் இருந்து செய்யவேண்டியதை இந்த மனுஷி தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாள். இவளையா ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்!

அடுத்த பல்லுக்காக மாயக்காள் கை நீட்டினாள். அனுசியா அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“ஊண்ட வேணாம் அத்தை. எனக்குத் தங்கல. போன மாசமே கலைஞ்சுபோச்சு. ஒங்ககிட்ட மறைச்சுட்டேன், பாவி நான்!”

அழுகை பீறிட்டது. திட்டப்போகிறாள், பாத்தியை மிதித்துவிட்டு எழுந்து போகப்போகிறாள் என்று கண்ணை மூடிக் காத்திருந்தாள். கண்ணைத் திறந்தால், கையும் களவுமாகப் பிடிபட்டவள் போல மாயக்காள்தான் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.

“பாண்டி அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டான் ஆத்தா” என்றாள் மண்ணைப் பார்த்தபடியே. “பூண்டு ஈஸ்வரிக்கு. அவ உண்டாயிருக்கத ஒங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?”