வாடகைக் கண்

டொரண்டோவில் சோபாவில் சாய்ந்து எதையோ கொறித்துக்கொண்டே கஜேந்திரன் சாமி கும்பிட்டார். அந்தச் சத்தம் காஞ்சிபுரத்தில் பூங்கோதையின் காதுக்குள் கேட்டது. ஒரே நாளில் ஐந்து கோயில். அவள் நடப்பாள், அவள் கண்ணில் பொருத்திய லென்ஸ் வழியாக அவர் பார்ப்பார். சன்னதியில் அவள் கண்ணை மூடக் கூடாது. கம்பெனியின் முதல் சட்டமே அதுதான்.

கோபுரத்தைக் காட்டச் சொல்லிவிட்டு அவர் பாத்ரூம் போனார். திரும்பி வரும்வரை அவள் கழுத்து வலிக்க அண்ணாந்தே நின்றாள்.

காமாட்சி சன்னதிக்குள் நுழையும்போது அம்மாவின் செய்தி வந்தது. தங்கையைப் பிரசவ ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம்.

தீபாராதனை காட்டினார்கள். பூங்கோதை கைகூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"என்னம்மா, ஒரே இருட்டா இருக்கு?"

அவள் நிதானமாக வேண்டி முடித்துக் கண் திறந்தபோது திரை போட்டிருந்தார்கள்.

"விளக்கெல்லாம் நல்லாத்தான் எரிஞ்சுது சார். அம்பாள் சில பேருக்கு முகம் காட்ட மாட்டா."

கொறிக்கும் சத்தம் நின்றது. "பரிகாரம் ஏதாவது இருக்காம்மா?"

"இருக்கு சார். மிச்ச நாலு கோயிலும் முடியுறவரைக்கும் பச்சத் தண்ணிகூடப் பல்லுல படக் கூடாது."