மெஷினில் கை வைத்தவன்

“பதினோரு நாள்! பதினோரு நாளா ஒரு தடவைகூட உருப்படியா விழலே. இதுக்குப் பேர் அதிர்ஷ்டமா, திருட்டா?”

லோர்னா போட்ட சத்தத்தில், பக்கத்துக் கவுன்ட்டரில் முட்டையும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் ஒரு சின்ன சூதாட்ட விடுதி. காலை ஒன்பதரை மணி. பணம் போட்டுப் பொத்தானைத் தட்டினால் அதிர்ஷ்டம் இருந்தால் பரிசு விழும், காட்டெருமைப் படம் போட்ட ஐந்து மெஷின்களுக்கு முன்னால் அந்த நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பென்ஷன்காரர்கள். லோர்னா முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். பக்கத்து நாற்காலி டுவைன், லாரி ஓட்டியவர்.

மெஷின்களைப் பழுது பார்க்கும் அர்னெல் சாவிக்கொத்தோடு வந்தார்.

“மிஸ் லோர்னா, மெஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது. நேத்து நீங்க தோத்தது அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் புதுசு.”

“எனக்கும்தான் ஞாபகம் போயிட்டிருக்கு. அதுக்காக நான் யார் பணத்தையும் முழுங்கலையே!”

வரிசையே சிரித்தது.

“நம்ம மெம்பர் கார்டைச் சொருகினதுமே அதுக்கு ஆள் தெரிஞ்சுடும்” என்றார் டுவைன். “பென்ஷன் வர்ற வாரம்னா போதும், கல்லு மாதிரி உக்காந்துக்கும்.”

“பென்ஷன் வர்ற வாரம்தான் நீங்க அதிகமா ஆடறீங்க, மிஸ்டர் டுவைன்.”

“கேட்டியா லோர்னா? பழியை நம்ம மேலயே போடறான்!”

அர்னெல் குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்குப் போதும் மிஸ் லோர்னா. எழுந்து போய் ஒரு காபி குடிங்க. அப்படியே வீட்டுக்குப் போங்க.”

லோர்னா முணுமுணுத்துக்கொண்டே போனார். காபியோடு திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் ஒரு தொப்பிக்காரன். மெஷின் மணியடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது. தொள்ளாயிரத்து நாற்பது டாலர்.

காபி பாதி தரையில்.

“பார்த்தியா டுவைன்! விழப்போற நேரம் பார்த்து என்னை எழுப்பி விட்டிருக்கான். அந்தத் தொப்பிக்காரன் இவனோட ஆளு!”

அன்றைக்கே சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்கு ஐந்து பேர் கையெழுத்திட்ட புகார் போனது. எழுதியவர் டுவைன். ‘மெஷினில் கை வைத்திருக்கிறான். எங்களுக்கு நியாயம் வேண்டும்.’ நியாயத்துக்கு அடியில் இரண்டு கோடு.

வியாழக்கிழமை ஒரு பெண் அதிகாரி லேப்டாப்போடு வந்தார். மெஷின்களைத் திறக்கச் சொன்னார். அர்னெல் இரண்டு தடவை தப்புச் சாவியை நுழைத்தார்.

அதிகாரி குனிந்திருந்த நேரம் பார்த்து, அர்னெல் லோர்னாவிடம் வந்தார். “கெஞ்சிக் கேட்டுக்கறேன் மிஸ் லோர்னா. புகாரை வாபஸ் வாங்கிடுங்க. உங்க எல்லாரோட நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“மிரட்டறியா? எல்லாரும் இங்க பாருங்க, எப்படி வேர்க்குது இவனுக்கு!”

ஒரு மணி நேரம் யாரும் ஆடவில்லை. அந்த வரிசையின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை.

அதிகாரி லேப்டாப்பை மூடினார். “உங்க சந்தேகம் சரிதான். அஞ்சு மெஷின்லயும் கை வெச்சிருக்காங்க.”

கைதட்டல். டுவைன் லோர்னாவைக் கட்டிக்கொண்டார்.

“எவ்வளவு அடிச்சான்? எங்களுக்கு எவ்வளவு திரும்பி வரும்?”

“நூறு டாலர் போட்டா சராசரியா எண்பத்தெட்டு திரும்பக் கொடுக்கணும்னு விடுதியில வெச்சிருக்காங்க. இந்த அஞ்சும் தொண்ணூத்தஞ்சு கொடுத்துட்டிருக்கு. மூணு வருஷமா.”

கைதட்டல் நின்றது.

“அதிகமாவா?” என்றார் லோர்னா.

“அதிகமாத்தான்.”

“அப்ப நான் ஏன் பதினோரு நாள் தோத்தேன்?”

“அதுல மோசடியே இல்லீங்க. சுத்தமான துரதிர்ஷ்டம்.”

விடுதி மானேஜர் வந்து அர்னெலின் சட்டையிலிருந்து அடையாள அட்டையைக் கழற்றினார். “ஏன் பண்ணினே?”

“காலையில வர்றவங்க எல்லாம் வயசானவங்க சார். எப்படியும் தோக்கத்தான் போறாங்க. கொஞ்சம் மெதுவாத் தோக்கட்டுமேன்னு…”

பத்தொன்பது வருஷ வேலை ஓர் அட்டைப்பெட்டியில் அடங்கியது. இனி இந்த மாநிலத்தில் எந்தச் சூதாட்ட விடுதியும் அவரை வாசல் பெருக்கக்கூட வைத்துக்கொள்ளாது. வழக்கு வேறு வரும்.

டுவைன் அதிகாரியின் பக்கத்தில் போய் நின்றார். “மேடம், அந்தப் புகார்ல இருக்கறது என் கையெழுத்துதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. கிழிச்சுப் போட்டுடலாமா?”

அதிகாரி புகாரைப் பைக்குள் வைத்துப் பூட்டினார். ஐந்து மெஷின்களும் எண்பத்தெட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

லோர்னா திடீரென்று எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. முட்டிவலியை மறந்து, கார்கள் நிற்கும் இடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

“மன்னிப்புக் கேக்கப் போறா. பாவம், மனசு தாங்கல அவளுக்கு” என்றார் டுவைன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பெட்டியைக் காருக்குள் வைத்துவிட்டு அர்னெல் நிமிர்ந்தார். லோர்னா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர்.

“அர்னெல்… நீ தங்கமான மனுஷன்ப்பா. எங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு.”

“பரவாயில்ல மிஸ் லோர்னா.”

லோர்னா சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவர் காதருகே போனார்.

“வேற எந்தெந்த மெஷின்ல கை வெச்சிருக்கே? எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போயேன்.”