மூன்றாவது பெட்டி

'க்ரீ...ச்ச்!'

மறுபடியும் அதே சத்தம். வாசல் பக்கமிருந்துதான்.

லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த ஹெலனின் விரல்கள் நின்றன. இருட்டினால் போதும், மூன்று நாளாய் இதே கூத்து. கணவன் வசந்துக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே நைட் டூட்டி. தொட்டிலில் கைக்குழந்தை. மழையில் கதவு ஊதிப்போய் தாழ்ப்பாள் விழ மாட்டேன் என்கிறது. 'நாளைக்கு வர்றேன்' என்ற ஆசாரிக்கு அந்த நாளை இன்னும் வரவில்லை. இப்போதைக்கு ஒரு நாற்காலிதான் கதவுக்குக் காவல்.

ஆனது ஆகட்டும் என்று ஜன்னல் திரையை விலக்கினாள்.

பேயுமில்லை, திருடனுமில்லை. பக்கத்து போர்ஷன் அப்துல் சமத். தன் பழைய பைக்கை அவள் வாசலுக்குக் குறுக்கே, கதவை ஒட்டி நிறுத்தி, துருப்பிடித்த ஸ்டாண்டை உதைத்துப் போட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு தெருவில் நடந்து போனார்.

பயம் போய்க் கோபம் வந்தது. வீட்டுக்காரர் கோதண்டராமனுக்குப் போன் போட்டாள்.

"அங்கிள், சமத் பாய்க்கு வண்டி நிறுத்த எங்க வாசல்தான் கிடைச்சுதா? ஒரு அவசரம்னா குழந்தையத் தூக்கிட்டு நான் எப்படி வெளிய ஓடுறது? அவரைக் காலி பண்ணச் சொல்லுங்க. இல்லன்னா நாங்க பண்றோம்."

"அவரு அப்படிப்பட்ட ஆள் இல்லியேம்மா... சரி, பாத்துக்கிறேன்."

"இன்னைக்கே அங்கிள்!"

போனை வைத்ததும் மனசு லேசாகிவிட்டது. இனி வேலை.

பிரசவத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. கம்ப்யூட்டரில் 'நோட்புக்' என்றால் கணக்குகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கிய கோப்பு. அதைத் திருத்த ஒரு கருவி. அந்தக் கருவியை, சொன்ன வேலையைத் தானாகச் செய்யும் ஏஐ ஏஜென்ட்டுகள் எப்படிக் கையாள வேண்டும் என்று வழிமுறை எழுதித் தர வேண்டும். படிக்கப் போவது மனுஷர்கள் இல்லை, ஏஐதான். போன வாரம் ஏஜென்ட் ஒரு பெட்டியை 'இது எதுக்கு' என்று தூக்கிப்போட, மொத்தக் கணக்கும் படுத்துவிட்டது. இன்று கடைசி சோதனை. தேறினால் வேலை நிரந்தரம்.

யோசித்து யோசித்து ஒரு விதி சேர்த்தாள்: 'எந்தப் பெட்டியையும் நீக்கும் முன் படி. அது ஏன் அங்கே இருக்கிறது என்று பார். சந்தேகம் இருந்தால் கேள். கேட்காமல் நீக்காதே.'

வீடியோ காலில் டீம் லீடர் மோகனா வந்தாள். "ரெடியா? ஒரு வில்லங்கம் வைக்கிறேன் பாரு!"

'மூன்றாவது பெட்டி வெட்டியாக நிற்கிறது, நீக்கிவிடு' என்று ஏஜென்ட்டுக்கு உத்தரவு போட்டாள்.

திரையில் புள்ளிகள் ஓடின. ஹெலன் கழுத்துச் சிலுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

'மூன்றாவது பெட்டியைப் படித்தேன். வெட்டியாகத் தெரிந்தாலும், கீழே இருக்கும் எல்லாப் பெட்டிகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன. அப்படியும் நீக்கட்டுமா?'

"ஏய்! கேட்டுடுச்சு! ஹெலன், அது கேட்டுடுச்சுடி!"

மோகனா கத்திய கத்தலில் குழந்தை விழித்துக்கொண்டது. அதைத் தூக்கிக்கொண்டு ஹெலன் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள்.

"பர்மனெண்ட் ஆர்டர் நாளைக்கே வரும். ட்ரீட் எங்க? ஆம்பூர்ல இருந்துகிட்டு வெறும் காபி கீபி எல்லாம் செல்லாது, பிரியாணிதான்!"

'க்ரீ...ச்ச்!'

வண்டி நகர்ந்தது. கதவு தட்டப்பட்டது. நாற்காலியைத் தள்ளித் திறந்தால், கோதண்டராமன். பின்னால் இழைப்புளியோடு ஆசாரி. தள்ளி, பைக்கைப் பிடித்தபடி சமத் பாய்.

"ஏன்யா அங்க நிறுத்துறேன்னு இவருக்குப் போன் போட்டுக் கேட்டேன்மா, பாதி வழியில இருந்து திரும்பி வந்துட்டாரு. நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார் கோதண்டராமன். "உங்க கதவு இடுக்குல லைட் தெரியுதாம். தாப்பா விழலைன்னு புரிஞ்சுபோச்சு அவருக்கு. எவனாவது கதவைத் தள்ள வந்தா, வண்டிய நகர்த்தணும் இல்ல? அந்த ஸ்டாண்ட் எடுக்குற சத்தத்துல தெருவே எழுந்துடுமாம்."

ஹெலன் சமத் பாய் பக்கம் திரும்பினாள். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே பாய்?"

சமத் பாய் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "வீட்ல தம்பி இல்ல. எங்க வீட்டம்மாவும் பொண்ணு பிரசவத்துக்கு வாலாஜாபேட்டை போய்ட்டாங்க. நான் தனியா வந்து கதவைத் தட்டினா, நீ இன்னும் ஜாஸ்தி பயந்துடுவேம்மா."

ஆசாரி கதவைக் கழற்றி இழைத்து மாட்டினார். கோதண்டராமன் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

"நீங்க வேலைக்குப் போகலியா பாய்?"

"நீ சாத்திக்கோம்மா."

ஹெலன் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

'டக்.'

அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே பைக் உறுமியது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, தோல் பதனிடும் டேனரியின் நைட் ஷிப்டுக்கு, மூன்று நாளாக நடந்தே போய்க்கொண்டிருந்த மனுஷன், இன்றைக்குத்தான் வண்டியில் போனார்.