மரநாய் யார் பக்கம்?

"தலை உங்க பக்கம் இருக்கு. நீங்கதான் எடுக்கணும்" என்றாள் இளையவள்.

"உடம்பு எந்தப் பக்கம்னு பாரு. முக்கால்வாசி உன் பக்கம்தான்" என்றாள் மூத்தவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவருக்கும் நடுவே, தோட்டத்தை இரண்டாகப் பிரித்த செங்கல் வரிசையின் மேல், அளந்து கிடத்தினாற்போல ஒரு மரநாய் செத்துக் கிடந்தது.

மூன்று நாளாகத் தோட்டத்துப் பக்கம் குடலைப் புரட்டும் நாற்றம். எலிதான் செத்திருக்கும் என்று இளையவள் பரணிலிருந்து பழைய பேப்பர்க் கட்டு வரை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டாள். துணியைக்கூட மாடியில்தான் காயப்போட்டாள். இன்று வேறு வழியில்லாமல் தோட்டத்தைக் கூட்ட வந்தபோதுதான் இது கண்ணில் பட்டது. பட்டதும், அப்பாடா, இதுதானா என்று இருந்தது.

பதினொரு மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறது. பிடித்துப்போனால் வீடு கைமாறிவிடும். அப்புறம் அவரவர் வீடு, அவரவர் பாடு. ஏழு வருஷமாக அவள் கேட்டதெல்லாம் தனக்கென்று ஒரு தனி வாசல். பிடிவாதக்கார மாமனாரே போன மாதம், "வித்துத் தொலைங்க. ஆனா ஒருத்தரும் என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு தோட்டத்துக் கோடி அறைக்குப் போய்விட்டார். அவ்வளவு தூரம் கனிந்துவந்த காரியம் ஒரு மரநாயால் கெடுவதா?

"உங்க கொழுந்தன்கிட்ட சொன்னேன். இதெல்லாம் என் வேலையான்னு வண்டியைக் கிளப்பிட்டுப் போயிட்டார்."

"உன் மூத்தாரு மட்டும் என்ன வாழுது? செருப்பை மாட்டும்போதே அவருக்குக் காது அடைச்சிடும்."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் எப்போதும் ஒற்றுமை உண்டு. அது அரை நிமிஷம் நீடித்தது.

"இதான் சத்தம் போட்டிருக்கு" என்றாள் மூத்தவள். "திங்கள், செவ்வா ரெண்டு நாளும் டொக்கு டொக்குன்னு. செவுத்தைப் பிராண்டியிருக்கும்."

"எனக்கும் கேட்டுச்சு. ஏதோ பாத்திரத்தை உருட்டுற மாதிரி இருந்துச்சு. புதன்கிழமையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை."

"அப்பவே செத்திருக்கும், சனியன்."

"மாமா இந்த நாத்தத்துல எப்படித்தான் இருக்காரோ?"

"ஜன்னலைக்கூட சாத்திட்டாரு பாரு. வாயைத் திறந்து நம்மகிட்ட சொன்னா ரோஷம் குறைஞ்சிடுமே."

மணி பத்தாகிவிட்டது. இளையவள் மூங்கில் கழி ஒன்றை எடுத்து நீட்டினாள். மூத்தவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"நான் ஏன் எடுக்கணும்? இந்த வாரம் உன் முறை."

அந்த வீட்டில் பொது வேலை எல்லாமே வார முறைதான். வாசல் கூட்டுவது, மாடிப்படி பெருக்குவது, ஒட்டடை அடிப்பது எல்லாம் ஞாயிறுக்கு ஞாயிறு கைமாறும்.

"என் முறை போன வாரம், அக்கா. இந்த வாரம் உங்களது."

"போன வாரம் நீ எங்க இருந்தே? அம்மா வீட்டுல காலை நீட்டி உட்கார்ந்திருந்தே. உனக்கும் சேர்த்து ரெண்டு வாரம் தொடர்ந்து நான்தான் மாரடிச்சேன். அப்ப இந்த வாரம் யாரு?"

"நான் ஊருக்குப் போனா வாரம் தள்ளிப்போயிடுமா? நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான் செய்யலையா? கணக்கா பார்த்தேன்?"

"இதோ, இப்பப் பார்க்குறியே."

இதற்கு மேல் பேசினால் வீடு பார்க்க வருகிறவர்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள் என்று இளையவள் நகராட்சிக்குப் போன் போட்டாள். அரை மணி நேரத்தில் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் சாக்கும் மண்வெட்டியுமாக வந்தார்.

"இது எங்க பக்கம் இல்லீங்க" என்றாள் மூத்தவள், முதல் காரியமாக.

"எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா, செத்ததுக்குத் தெரியவா போகுது?" அவர் குனிந்து மரநாயை வாலைப் பிடித்துத் தூக்கினார். அது ஈரத்துணி போலத் துவண்டது. வாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் செங்கல்மேல் சிவப்பாக விழுந்தது.

"நாய் கவ்வியிருக்கு. கழுத்துல பாருங்க."

"மூணு நாளாச்சு, இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு" என்றாள் இளையவள்.

"மூணு நாளா? இது இன்னிக்குக் காலையில செத்ததும்மா. ரத்தம்கூட காயலை. ஒரு ஈ மொய்க்கலையே."

"அப்ப இந்த நாத்தம்?"

அவர் மரநாயைச் சாக்கில் போட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினார். காற்று வந்த பக்கம் மெல்லத் திரும்பினார். இளையவளும் திரும்பினாள். கோடி அறையின் வாசற்படியில் ஓர் எவர்சில்வர் தட்டு கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் சருகுகள் விழுந்திருந்தன.

"அக்கா" என்றாள். "இந்த வாரம் மாமாவுக்குச் சாப்பாடு நீங்கதானே வெச்சீங்க?"

மூத்தவளின் மூக்கிலிருந்து முந்தானை நழுவியது.

"நீதானேடி?"