முன்பக்கம் தொங்கிய கரடிக்குட்டி

தாயின் நெஞ்சைவிடச் சுகமான தொட்டில் கிடையாது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். திருத்தியே ஆகவேண்டிய பெரும்பிழை இது. வளரும் கரடிக்குட்டிக்கு முதுகுதான் சுகம். பிடித்துக்கொள்ள அங்கே நீளமான முடி உண்டு.

"முதுகுல போட்டா பிள்ளை முகம் யாருக்குத் தெரியும், கரடியக்கா? என்னை மாதிரி வயித்தோட தொங்கவிடு. பாக்குறவங்க கொஞ்சுவாங்க" என்றது மந்தி.

தாய்க்கரடி அப்படியே மாற்றிக்கொண்டது. குட்டியின் கால்கள் தரையில் இழுபட்டன. அதற்கு ஆத்திரம் பொங்கியது.

"அம்மா, என்னைச் சுமக்குறியா, ஊருக்குக் காட்டுறியா?"

"சும்மா இருடா. எல்லாரும் உன் அழகைத்தான் பேசுறாங்க."

"என் முழங்கால் தேயுறதை எவனாவது பேசுறானா?"

தாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழக்கம்போலக் கரையான் தின்னப் புற்றை உடைத்துக் குனிந்தது. குட்டியின் முதுகு முதலில் புற்றுக்குள் போனது.

அன்று கரையான்கள்தான் முதலில் கடித்தன.