பச்சைக்கு இரண்டு இருமல்

பத்துக்குப் பத்தும் தப்பு.

ஜமால் முகம்மதுவின் விடைத்தாளை மூன்று முறை திருத்திப் பார்த்தேன். மூன்று முறையும் பூஜ்யம்தான்.

பாய லேபார் விமானத்திடலை ஒட்டிய ஒரு ஃபிளையிங் கிளப்பில், விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு வகுப்பறைப் பாடம் எடுக்கிறேன். வானிலை, திசை, விதிமுறை எல்லாம் கரும்பலகையோடு சரி. கணக்கில் பட்டம் வாங்கியவன், விமானத்தில் ஏறியதில்லை. "சார் சாக்பீஸ்லயே பறந்துடுவாரு" என்று என் காதுபடவே சொல்வார்கள்.

ரேடியோ பழுதானால் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விளக்கு காட்டுவார்கள். பச்சை என்றால் இறங்கலாம். சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. சனிக்கிழமை நடந்தது அந்தச் சோதனைதான். திடலின் மறுகோடியிலிருந்து ஒருவர் பத்து முறை விளக்கைக் காட்டினார். பார்த்து எழுத வேண்டும்.

ஜமால் பச்சையையெல்லாம் சிவப்பு என்றும், சிவப்பையெல்லாம் பச்சை என்றும் எழுதியிருந்தான்.

கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் நாலைந்து சரியாக வந்திருக்கும். பத்தும் தப்பாக வர வேண்டுமென்றால், பத்தும் சரியாகத் தெரிந்திருக்க வேண்டுமே? வேண்டுமென்றே தோற்றானா? இலவசமாகப் பறக்கப் பழக இந்த வருஷம் இருப்பது ஒரே இடம். மற்ற பாடங்களில் அவன்தான் முதல்.

ஒன்றும் புரியாமல் திங்கட்கிழமை மாலை மதிப்பெண்களை ஒட்டினேன். ஐந்து நிமிடத்தில் ஜமால், வேலாயுதத்தின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தான்.

என் மாணவர்களான இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேக்காளிகள். ஜமால் தேக்கா மார்க்கெட்டில் மாமாவின் மசாலாக் கடையில் நிற்கிறான். வேலாயுதம் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். சோதனையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"கேளுங்க சார் இவனை! சிவப்புக்கு ஒரு இருமல், பச்சைக்கு ரெண்டு இருமல்னு பேசி வெச்சிருந்தோம். பத்தையும் மாத்தி இருமியிருக்கான் சார்!"

தன்னையே காட்டிக்கொடுக்கிறோம் என்பது கோபத்தில் அவனுக்கு உறைக்கவில்லை.

"இருமல் எதுக்குப்பா? உனக்குக் கண்ணு இல்லையா?"

ஜமாலின் குரல் இறங்கியது. "எனக்கு அந்த ரெண்டு கலரும் ஒண்ணாத்தான் தெரியும் சார்."

"அப்புறம் டாக்டர் எப்படி விட்டார்?"

"கலர் தெரியுதான்னு பாக்க அந்தப் புள்ளிப் படப் புத்தகம்தானே காட்டுவாரு? எந்தப் பக்கத்துல என்ன நம்பர்னு மனப்பாடம் பண்ணிட்டேன்." பிறகு அவசரமாக, "இப்பல்லாம் ரேடியோ எங்க சார் பழுதாவுது?" என்றான்.

நான் வேலாயுதத்தைப் பார்த்தேன். "இவன் சொல்றது உண்மையா?"

"ஆமா சார். மாத்தித்தான் இருமினேன்."

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேற எவனையாவது புடிச்சிருப்பான் சார்."

"எவனா இருந்தாலும் உன்னைவிட ஒழுங்கா இருமியிருப்பான்லா!" ஜமால் கத்தினான்.

வேலாயுதம் அவன் பக்கம் திரும்பவில்லை. "தனியா மேல போனப்புறம் இவன் பக்கத்துல உக்காந்து யாரு சார் இருமுவா?"

"பேச்சைப் பாருங்க சார்! நான் போயிட்டா அடுத்த மார்க்கு யாருது? இவனுது. சீட்டு யாருக்கு? இவனுக்கு. வருஷா வருஷம் நோன்புக்கு எங்க உம்மா காச்சின கஞ்சியைக் குடிச்ச வாய் சார் இது!"

வேலாயுதம் சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

மேலே யார் இருமுவார் என்று வேலாயுதம் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த நியாயத்தின் முடிவில் ஒரு சீட்டு இருந்ததே? சீட்டுக்காகச் செய்துவிட்டு, நண்பனின் உயிருக்காகச் செய்தேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

இருவரையும் அனுப்பிவிட்டு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். தப்பாக எழுதிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஒருவன் ஏமாற்ற நினைத்தான். இன்னொருவன் தன்னை நம்பியவனையே ஏமாற்றினான். எது பெரிய குற்றம்? எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். கடைசியில் இருவரையும் நீக்கச் சொல்லி, வேலாயுதத்தின் பெயருக்கு நேரே மட்டும் இன்னொரு வரி சேர்த்தேன்: 'இனி எந்த வருஷமும் சேர்க்கக் கூடாது.'

அதை அலுவலகத்தில் டைப்பிஸ்ட் கமலாவிடம் நீட்டினேன். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஜமால் சரி. வேலாயுதத்தை எதுக்கு சார் நீக்கணும்? அவருதான் லிஸ்ட்லயே இல்லையே."

"என்னம்மா சொல்றீங்க? இப்ப முதல் மார்க்கே அவனுதுதான்."

"மார்க்கு இருக்கலாம் சார். சீட்டு அவருக்கு அடுத்து வந்த யாக்கூப்புக்குத்தான் போவுது. வேலாயுதம் போன வியாழக்கிழமையே லெட்டர் கொடுத்துட்டாரு."

"வியாழக்கிழமையா? சோதனைக்கு முன்னாடியா?"

அவள் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி என் முன் வைத்தாள். அலுவலக முத்திரையில் வியாழக்கிழமைத் தேதி தெளிவாக இருந்தது. இரண்டே வரி: 'இலவச இடத்துக்கு என் பெயரைச் சேர்க்க வேண்டாம். சனிக்கிழமைச் சோதனையில் மட்டும் என் நண்பன் ஜமாலின் பக்கத்தில் உட்கார அனுமதிக்கவும்.'

"எனக்கு ஒண்ணும் புரியலை சார்" என்றாள் கமலா. "சீட்டே வேணாம்னவரு, லீவு போட்டுட்டு வந்து எதுக்கு சார் அந்தப் பரீட்சையை எழுதினாரு?"