சனிக்கிழமைக்குள் ஏறும்

“ஸ்டாப் லாஸ் போட்டிருக்கறானா இல்லையா டேனியல்? அத மட்டும் சொல்லு!”

தனபாலால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மண்ணரை என்ற ஊரில் நாற்பது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் முதலாளி, தன் அக்கவுண்டன்டின் செல்போனை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்க சார். இத்தனை நஷ்டமானா தானா வித்துரணும்னு ஒரு வரம்பு வைப்பாங்கல்ல, இந்தத் தடவ அத எடுத்துட்டாருங்க. ‘பொறுமையா இருங்க, சனிக்கிழமைக்குள்ள ஏறும்’னு காலையில எல்லாருக்கும் மெசேஜ் போட்டிருக்காரு.”

அந்த ‘அவர்’ யார் என்று இருவருக்குமே தெரியாது. போனில் இருந்த வியாபாரச் செயலியில் அவர் பெயர் சிட்டுக்குருவி. அவர் கிரிப்டோ வாங்கினால் தனபாலின் கணக்கும் தானாக வாங்கும். அவர் விற்றால் தானாக விற்கும். வருஷக் கடைசியில் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. நடுவில் தனபால் எதிலும் கை வைக்க முடியாது. அப்படித்தான் ஒப்பந்தம்.

எட்டு மாதமாக லாபம்தான். அந்தத் தைரியத்தில், ஆட்களின் தீபாவளி போனசுக்கு ஒதுக்கியிருந்த பன்னிரண்டு லட்சத்தையும் போன மாதம் உள்ளே இறக்கிவிட்டார். கைப்பணத்தைப் போலப் பத்து மடங்குக்கு வாங்கும் வியாபாரம் அது. விலை ஆறு சதவீதம் இறங்கினால் போட்டதில் அறுபது சதவீதம் காலி. இன்று சரியாக ஆறு இறங்கியிருந்தது.

“இன்னும் நாலு எறங்குனா?”

“கணக்கே முடிஞ்சு போயிருங்க சார். லிக்விடேஷன்.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? ஏறும்னா ஏறும். பேருதான் சிட்டுக்குருவி, பார்வை கழுகு. சிங்கப்பூர்ல ஏசி ரூம்ல உக்காந்து நாலு ஸ்கிரீன் பாக்கற ஆளா இருக்கும்.”

“அவரோட சொந்தப் பணம் வெறும் எம்பதாயிரந்தானுங்க சார். இதுலயே காட்டுது.”

“கெட்டிக்காரன் எதுக்கப்பா சொந்தக் காசப் போடறான்?”

சொல்லிவிட்டு தனபால் தானே சிரித்துக்கொண்டார். அப்போது கதவு திறந்தது. அயர்ன் மாஸ்டர் முகிலன். சட்டை முழுக்க நீராவியும் வியர்வையும்.

“மொதலாளி, ஒரு முப்பதாயிரம் வேணுங்க. வீட்டுக்காரி அன்புசெல்விக்கு குடல்வால் வெடிச்சிருச்சாமுங்க. பணம் கட்டுனாத்தான் ஆபரேஷன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க.”

“சம்பளமோ அட்வான்சோ, எல்லாம் சனிக்கிழமைதான். உனக்குத் தெரியாததா?”

“இன்னைக்கு செவ்வாய்ங்க…”

“கேலண்டர் எங்கிட்டயும் இருக்குது. உனக்குக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேரும் வந்து நிப்பாங்க.”

“போனஸ்ல புடிச்சுக்கோங்க மொதலாளி.”

போனஸ் என்ற சொல் தனபாலைச் சுருக்கென்று குத்தியது. குத்தின இடத்திலிருந்து கோபம்தான் வந்தது.

“எப்பப் பாரு போனும் கையுமா நிக்கறே. ராத்திரியெல்லாம் முழிச்சு கண்ணு செவந்து வர்றே. ரம்மிதான ஆடறே? சூதாட்டத்துல காச விடறவனுக்கு நான் அட்வான்ஸ் குடுக்கறதில்ல.”

முகிலன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“ரம்மியெல்லாம் இல்லீங்க. கைவசம் கொஞ்சம் இருக்குதுங்க. இப்ப வித்தா அடிமாட்டு வெலைக்குத்தான் போகும். நாலு நாள் பொறுத்தா நல்ல வெல வருமேன்னுதான் உங்ககிட்ட வந்தனுங்க.”

“பொண்டாட்டி உசுரு பெருசா, வெல பெருசா? இருக்கறத வித்துப்போட்டு போய்ப் பணத்தக் கட்டு!”



“சரிங்க மொதலாளி. நீங்க சொல்றதும் சரிதானுங்க” என்று முகிலன் வெளியே போனான்.

“ஆடு மாடு வெச்சிருப்பான்போல. இவனுங்க பாடே பெரும்பாடு” என்றார் தனபால்.

கால் மணி நேரம் போயிருக்கும். போன் டிங்கென்றது. பார்த்த டேனியலின் முகம் வெளுத்துவிட்டது.

“சார்… வித்துட்டாருங்க.”

“யாரு?”

“சிட்டுக்குருவி. ஒண்ணு விடாம எல்லாத்தையும். நம்முளுதும் கூடவே வித்திருச்சுங்க. மீதி நாலு லட்சத்து எம்பதாயிரம்.”

ஏழு லட்சத்துச் சொச்சம், ஒரு டிங்கில்.

“திருப்பி வாங்கு! இப்பவே வாங்கு!”

“அந்த உரிமை நமக்கில்லீங்க சார். எழுதிக் குடுத்துட்டம்.”

அதற்கப்புறம்தான் கொடுமை. கண்ணெதிரிலேயே திரையில் கோடு மேலே திரும்பியது. ஒன்று, இரண்டு, நாலு. மத்தியானம் மூன்று மணிக்குள் ஆறும் ஏறி, அதற்கு மேலும் ஒன்று ஏறி நின்றது. கூடக் கொஞ்ச நேரம் அந்த ஆள் சும்மா இருந்திருந்தால் போட்ட பணமும் வந்திருக்கும், லாபமும் வந்திருக்கும்.

அன்றைக்கு முதல் தடவையாக தனபால் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்பது பேரும் தலை குனிந்து தைத்துக்கொண்டும் மடித்துக்கொண்டும் இருந்தார்கள். தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

“எதுக்கு வித்தான் பாவி? சனிக்கிழமைன்னு அவனே சொன்னானல்ல? யாரு விக்கச் சொன்னது அவன?”

“இப்பத்தான் மெசேஜ் போட்டிருக்காருங்க சார்…”

படிக்கத் தொடங்கிய டேனியல் பாதியில் நிறுத்தினான். போனை முதலாளியின் பக்கம் நகர்த்தினான். தனபால் குனிந்து படித்தார்.

‘எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க. சனிக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தா ஏறியிருக்கும், எனக்குத் தெரியும். ஆனா வீட்டுக்காரிக்கு இன்னைக்கே ஆபரேஷன். அட்வான்ஸ் கேட்டுப் போனேன், இருக்கறத வித்துக் கட்டுன்னு எங்க முதலாளி சொல்லிட்டாரு.’